சோம்பேறிப் பெட்டி

இல்லை பாய், டீ வேண்டாம். டீ குடிக்கவெல்லாம் நேரமில்லை. சாமானை ஏற்றிப்போக லாரி நாலு மணிக்கு என்றீர்கள், இப்போதே மூன்று ஐந்து. நீங்கள் உட்காருங்கள், நானே தேடிக்கொள்கிறேன். பாதிச் செங்கல் அளவு இருக்கும். ஈயக் கலர். மேலே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் 'ப.ரோடு 1' என்று எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க். உங்களுக்குத் தெரியாததா, இந்த உக்கடத்தில் பழைய சாமான் கடை போட்டு உட்கார்ந்து ஆயிரம் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் சாமான் இந்தக் குவியல்தானே? சரி, சரி, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். எனக்குத் தெரிகிறது.

தகரம் கையைக் கிழிக்கும் என்கிறீர்களா? கிழிக்கட்டும்.

என் பெயர் தண்டபாணி. சரவணம்பட்டியில் கம்பெனி. ஸ்கேன் சென்டர்களுக்கு, எடுத்த படங்களையெல்லாம் சேர்த்துவைக்கிற பெட்டி செய்து கொடுக்கிறோம். நான் தேடுவது அப்படி ஒரு பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க். விஷயம் என்னவென்றால், அது சாகவில்லை. உயிரோடு இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்றால், பொள்ளாச்சி ரோடு ஸ்கேன் சென்டரில் மயில்சாமி என்று ஒருவர், யூபிஎஸ், ஏசி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் டிஸ்க்கைக் கழற்றிப் புதிது போடு என்று நாங்கள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எரிந்தது, கழற்றினார். விளக்கை எரியவிட்டது யார் என்று கேட்பீர்கள். அங்கேதான் எல்லோரும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நீங்கள் மூன்றாவது மனிதர். முழுதும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சாக்கைக் கொட்டலாமா? கொட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டர் நேராக டிஸ்க்கோடு பேசாது பாய். நடுவில் ஒரு புரோகிராம் உண்டு, டிரைவர் என்போம். இந்தப் படத்தை எடு என்று கம்ப்யூட்டர் சொன்னால் டிரைவர் போய் டிஸ்க்கிடம் கேட்கும். டிஸ்க் கொடுத்தால் வாங்கி வரும். கொடுக்காவிட்டால் என்ன செய்வது? வேலையே அங்கேதான். கொடுக்காமல் போக என்னென்ன காரணம் இருக்க முடியும்? எங்கள் டிரைவரில் அறுபத்தொரு காரணம் எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம். இதற்குக் கொஞ்சம் காத்திரு, அதற்கு இன்னொரு தடவை கேள், வேறொன்றுக்கு டிஸ்க்கை அணைத்துப் போடு. எழுதியது பிலோமினா மேடம். பதினெட்டு வருஷமாக அந்த டிரைவரை அவர் ஒருவர்தான் தொடுவார்.

அவரைப் பற்றித் தப்பாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷி. ஆனால் வேலை செய்கிற விதம் இருக்கிறதே. எந்நேரமும் போன். எந்த ஊர் டெக்னீஷியனோடாவது பேசிக்கொண்டே இருப்பார். "என்ன மயில்சாமி, ஜெனரேட்டர் இப்ப எப்படி இருக்கு? மழை உண்டா அங்க? சரி, மழை விட்டதும் ஒரு வாட்டி கூப்பிடு." ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் பேசுகிற பேச்சா இது? பேசி முடித்ததும் டிரைவரில் பத்து வரி சேர்த்துவிடுவார். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைப்பார். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில். 'கிணத்துக்கடவு. மழைக்காலத்தில் முதல் தடவை பொய் சொல்லும். நம்பாதே.' 'இவன் கோபக்காரன், இரண்டு தடவைக்கு மேல் கேட்காதே.' 'பொள்ளாச்சி ரோடு. ஜெனரேட்டர். இதில் கை வைக்காதே.' டிஸ்க்கைப் போய் இவன் அவன் என்று.

என்ன பாய்? உள்ளே ஒரு பெட்டி இருக்கிறதா? இருக்கட்டும், முதலில் இந்தக் குவியலை முடித்துவிடுகிறேன். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றில் இறங்குவது என் வழக்கமில்லை.

நான் சும்மா போய் அதில் கை வைக்கவில்லை. காரணம் இருந்தது. உடுமலையில் ஒரு டாக்டர், பேஷன்டை எதிரே உட்காரவைத்துக்கொண்டு படத்தைத் திறந்தால் பத்து நிமிடம் திரை அப்படியே நிற்கிறது. மனிதர் கொதித்துப்போய் போன் செய்தார். நான்தான் போய்த் தோண்டினேன். டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போயிருக்கிறது. அடியில் இருக்கிற டிரைவர் ஐந்து தடவை கேட்கிறது. அதற்கு மேலே ஒரு புரோகிராம், அது ஐந்து தடவை டிரைவரை அனுப்புகிறது. அதற்கும் மேலே இன்னொன்று, அதுவும் ஐந்து. பெருக்கிப் பாருங்கள். கிடைக்காது என்று தெரிந்த ஒன்றை நூற்றிருபத்தைந்து தடவை கேட்கிறார்கள். ஒரு ஆபீசில் இப்படி நடந்தால் சும்மா இருப்போமா? ஒருவன் கேட்டு இல்லையென்றால் இல்லையென்று மேலே சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் முடிவெடுப்பான். அவ்வளவுதான். இதைத் தப்பென்று இன்றைக்கும் யாரும் சொல்ல முடியாது, பிலோமினா மேடம் உட்பட. அவரே சொன்னார், "அந்த அஞ்சு அஞ்சு அஞ்சு விஷயம் கரெக்ட்தான் தண்டபாணி, எடுத்துடுங்க" என்று.

எடுத்தேன். எடுக்கும்போதே மற்றதும் கண்ணில் பட்டது. அறுபத்தொரு காரணம் எதற்கு? டிஸ்க் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் கெட்டது. இரண்டு. மூன்று தடவை கேள், நொடிக்கு ஒரு தடவை. தராவிட்டால் பழுது என்று எழுதி, சிவப்பு விளக்கைப் போடு. இரண்டாயிரத்து முந்நூறு வரி இருந்ததை நூற்று நாற்பதாக்கினேன் பாய். தூக்கம் வரவில்லை எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

மீட்டிங் போட்டார்கள். ரகோத்தமன் என்று எங்கள் மேனேஜர், லேசில் யாரையும் பாராட்டமாட்டார். "பொங்கலுக்கு வீட்டைக் காலி பண்ணி வெள்ளையடிச்ச மாதிரி இருக்குய்யா" என்றார். நான் பெரிய திரையில் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பொய் சொல்லும், நம்பாதே. கோபக்காரன். ஒரே சிரிப்பு. பிலோமினா மேடமும் சிரித்தார். நான் பார்த்தேன். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார், போனவர் மீட்டிங் முடியும்வரை வரவில்லை. என்ன வேலையோ.

இது இல்லை. இதுவும் இல்லை. இது டிவிடி பிளேயர்.

முறைப்படி எல்லாம் நடந்தது. மாற்றத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மேடத்துக்குத்தான் அனுப்பினேன். பதினான்கு கேள்வி எழுதினார். நானும் விடாமல் பதினான்குக்கும் பதில் போட்டேன், 'புதிய முறையில் இது தேவைப்படாது' என்று. ஒரே பதில்தான், ஏனென்றால் எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரிதான். ஒன்பதாவது கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கிறது. 'கரண்ட் போய்த் திரும்ப வரும்போது டிஸ்க் எழுந்திருக்க நேரம் எடுத்தால்?' இதற்கென்ன பதில் சொல்வது? யூபிஎஸ் எதற்கு வைத்திருக்கிறார்கள்? எங்கள் ஆபீசில் கரண்ட் போவதே இல்லை பாய். டெஸ்ட் லேபில் டிஸ்க்குகள் மூன்று வருஷமாக நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் வைத்து ஆயிரத்து இருநூறு டெஸ்ட் ஓட்டினேன். அத்தனையும் பச்சை.

பிறகு அவரைக் கையேடு எழுதுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். நான் மாற்றச் சொல்லவில்லை. இனி டிரைவரைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன்.

நாலு மாதம் ஓடியது. இருபத்தாறு ஊரில் நாற்பத்தொரு டிஸ்க்குக்குச் சிவப்பு விளக்கு. நான் என்ன நினைப்பேன்? சரக்கு மோசம் என்று நினைத்தேன். டிஸ்க் கம்பெனிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினேன், பாலிஷாகக் கிழித்திருந்தேன், ரகோத்தமன்கூட ரசித்தார். அந்த நேரத்தில் பிலோமினா மேடம் எனக்கு மூன்று மெயில் அனுப்பியிருந்தாராம். சூலூரில் தூக்கிப் போட்ட டிஸ்க் ஆறை வாங்கி வந்து, தன் பழைய மிஷினில் மாட்டிப் பார்த்தாராம், ஆறும் ஓடுகின்றனவாம். நான் பார்க்கவில்லை. கையேடு பிரிவிலிருந்து வருகிற மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். கமா எங்கே போடுவது, படம் எங்கே ஒட்டுவது என்று தினம் இருபது வரும். வைக்காமல் என்ன செய்வது?

மணி மூன்று இருபத்தைந்தா? உங்கள் கடிகாரம் வேகமா?

கோகிலாவும் இதைத்தான் சொல்லிக்காட்டுகிறாள். என் மனைவி. "உங்ககிட்ட எதைச் சொன்னாலும் ரெண்டே பதில்தான். ஓகே, இல்லேன்னா நாட் ஓகே. நடுவுல ஒண்ணும் கிடையாது" என்று நேற்றுக் காலையில். அதற்கு நான் ஓகே என்றேன், அதற்கும் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெட்டியில் எப்போதும் இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே படங்கள் இருக்கும். ஒன்று போனால் மற்றது இருக்கிறது, பயமில்லை. பொள்ளாச்சி ரோட்டில் போன வாரம் கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் இரண்டு டிஸ்க்கும் எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது சுறுசுறுப்பு, உடனே எழுந்துவிட்டது. முதலாவது எழுந்திருக்க நேரம் எடுக்கிற ரகம். என் டிரைவர் மூன்று தடவை கேட்டது. மூன்று நொடி. பதில் இல்லை. பழுது. சிவப்பு விளக்கு. மயில்சாமி கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். புதிதுக்கு எல்லாப் படத்தையும் நகல் எடுக்க வேண்டுமே, அந்த இரண்டாவது டிஸ்க் ஒன்பது மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஓடி, பாதியில் நிஜமாகவே செத்துவிட்டது. புரிகிறதா பாய்? ஆறு வருஷத்துப் படம் இப்போது ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. குப்பையில். இந்தக் குப்பையில்.

என்ன? அப்புறம் சொல்லுங்கள், இந்த மூட்டை மட்டும் பாக்கி.

இன்றைக்குக் காலையில் நானே நேரில் போனேன். போகச் சொன்னார்கள், போனேன். அங்கே பூங்கொடி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தென்னைநார் மில்லில் வேலை, சேலையெல்லாம் நார்த்தூள். வீட்டுக்காரர் குமாரசாமி ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தலைக்குள் ஒரு கட்டி, கண் நரம்புக்குப் பக்கத்தில். இரண்டு வருஷத்துக்கு முன் இதே சென்டரில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இப்போது வேறு டாக்டர். அவர் சொல்லியிருக்கிறார், பழைய படத்தைக் கொண்டுவாருங்கள், கட்டி அப்போது இருந்த அளவிலேயே இருந்தால் கத்தி வேண்டாம், வளர்ந்திருந்தால் திங்கட்கிழமை ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் பார்வை போனாலும் போகலாம் என்று. வேன் ஓட்டுகிற ஆள் பாய். கையில் கொடுத்த ஃபிலிம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மழையில் வீட்டு ஓடு ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாம், பிரித்தால் படமே உரிந்து வருகிறது.

மயில்சாமி என்னிடம், "பழைய பேட்டரியோட சேத்து உக்கடத்துல போட்டுட்டனுங்க. செத்துப்போன டிஸ்க்குதானுங்களே" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அது செத்துப்போச்சுன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டார்.

சிஸ்டம் சொன்னது என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

எந்தக் கடை என்று மயில்சாமிக்குச் சொல்லத் தெரியவில்லை. பேட்டரியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாராம். பிலோமினா மேடத்தைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி. அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாருடைய பழைய சாமான் எந்தக் கடைக்குப் போகிறது என்பதையெல்லாம் ஒரு இன்ஜினியர் எதற்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? "பெரிய பள்ளிவாசல் சந்துல மூணாவது கடை. வாசல்ல நீல டிரம் இருக்கும். சிக்கந்தர் பாய்னு பேரு. போய் அவர்கிட்ட கேளுங்க தண்டபாணி. நீங்களா தேடாதீங்க. கேளுங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. எனக்கு டிஸ்க் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

முடிந்தது. இந்த மூட்டையிலும் இல்லை. லாரி இன்னும் எத்தனை... எங்கே போகிறீர்கள் பாய்? நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு எழுந்து உள்ளே போகிறீர்களே. பாய்.

என்ன அது? கொடுங்கள். கொடுங்கள் இப்படி. ப.ரோடு 1.

ப.ரோடு 1 பாய். இதுதான். இதேதான்.

உள்ளே அந்தப் பெட்டியிலா இருந்தது? இவ்வளவு நேரம் நான் இங்கே கையைக் கிழித்துக்கொண்டிருக்க, அது உள்ளே இருந்ததா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சொன்னீர்களா? எப்போது சொன்னீர்கள்? சரி, விடுங்கள். கீழே பச்சை மையில் இது என்ன, 'சோம்பேறி 47'? உங்கள் கையெழுத்தா?

ஓ. ஒவ்வொன்றையும் கரண்டில் மாட்டிக் காதில் வைத்துப் பார்ப்பீர்களா. டக்டக் என்று தட்டினால் லாரிக்கு. உடனே சுற்றினால் கண்ணாடி அலமாரிக்கு. சத்தமே இல்லாமல் கிடந்து, நீங்கள் எண்ண எண்ண மெதுவாக எழுந்திருப்பது உள்ளே இருக்கிற ஆப்பிள் பழப் பெட்டிக்கு. எண்ணியது நாற்பத்தேழு. இதை யார் வாங்குவார்கள்? 'பொறுமையான ஆள் வந்தால் கொடுப்பேன்.' நன்றாக இருக்கிறது உங்கள் வியாபாரம்.

இருங்கள், லேப்டாப்பில் மாட்டிப் பார்த்துவிடுகிறேன். படம் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் நிற்க முடியாது. அந்த பிளக்கில் கரண்ட் வருமா? வருகிறது. ஒயரைப் பிடியுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

போச்சு.

பாருங்கள், சிவப்பில் வந்துவிட்டது. 'டிஸ்க் பழுது. மாற்றவும்.' போச்சு பாய். இங்கே வந்த பிறகு செத்திருக்கிறது. நீங்கள் எண்ணியது என்றைக்கு? செவ்வாய்க்கிழமையா? அதற்கப்புறம் ஏதாவது ஆகியிருக்கும், வெயிலில் கிடந்திருக்கும், யாராவது போட்டிருப்பார்கள். நான் என்ன செய்ய முடியும்? என்னால் ஆனதைச் செய்தேன், ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்தேன், அதற்கு மேல்...

என்ன கேட்டீர்கள்?

யார் சொன்னது என்றா கேட்டீர்கள்?

இது சொன்னது. லேப்டாப். இதில் இருக்கிற டிரைவர்.

என் டிரைவர்தான் பாய் இதில் இருப்பது.

ஒரு நிமிடம். பழைய டிரைவர் இதிலேயே எங்கேயோ இருக்க வேண்டும். மீட்டிங்கில் படித்துக் காட்டுவதற்காக எடுத்து வைத்தேன், அழிக்க மறந்துவிட்டேன். இதோ. இதை ஏற்றுகிறேன். இரண்டாயிரத்து முந்நூறு வரி. ஏற்ற நேரம் எடுக்குமே. இல்லை, ஏறிவிட்டது. மாட்டுங்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஏதோ எழுதுகிறது. 'எழுந்துகொண்டிருக்கிறது. பொறு.' மேடத்தின் வரி. இரண்டு நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்கைக் கேட்டுவிட்டு இதைப் போடுகிறது. பொறு. பொறு. எத்தனை தடவை போடுமோ. பதினாறு நொடி ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லையே பாய். நீங்கள் எண்ணும்போதும் இப்படித்தான் கிடந்ததா?

அந்த வேன்காரர் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றிருந்தார். நான் கிளம்பும்போது பார்த்தேன். உள்ளே வரவேயில்லை மனிதர். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு. பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதைப் பொத்திக்கொண்டு, அதே போர்டை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கும் அதையே செய்தார்.

முப்பது. இது எழுந்திருக்காது பாய். கழற்றிவிடலாம், சும்மா சூடாகும். இல்லை, எதற்கு என் கையைப் பிடிக்கிறீர்கள். சரி. சரி, எடுக்கவில்லை.

பொறு. பொறு.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மேடம் கேட்டிருந்தார். ஒரு கேள்வியாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். நாற்பது. நாற்பத்திரண்டு. பாய், பேசாமல் இருங்கள். நீங்கள் பேசவில்லையா, நான்தானா.

கேட்டதா? கேட்டதா உங்களுக்கு?

சுற்றுகிறது. விசில் மாதிரி, பாருங்கள், ஏறுகிறது. வந்துவிட்டது. ஆறு வருஷமும் இருக்கிறது, மாதம் மாதமாக. இருங்கள். கு, குமா, குமாரசாமி. தலை ஸ்கேன். இருநூற்றுப் பதினாலு படம். எல்லாம் திறக்கிறது. முதல் வேலை, நகல்.

கண்ணில் தூசி பாய். உங்கள் கடையில் எதைத் தொட்டாலும் தூசி.

ஹலோ, மயில்சாமி? நான் கண்டுபிடிச்சுட்டேன். ஆமா, நான்தான், வேற யாரு. அந்தம்மாகிட்ட சொல்லுங்க. இல்ல, கட்டி வளந்திருக்கா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும், படம் இருக்குன்னு சொல்லுங்க, போதும். அழறாங்களா? எதுக்கு, அதான் கிடைச்சாச்சே. சரி, அஞ்சரைக்குள்ள வந்துடுவேன்.

பிலோமினா மேடத்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. 'கேட்டீங்களா?' இதற்கு என்ன பதில் போடுவது? ஓகே. போட்டாயிற்று.

ரகோத்தமனுக்கு ராத்திரியே திருத்தத்தை அனுப்பிவிடுவேன். பழையதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள், அதெல்லாம் தேவையில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். மூன்று நொடி என்று இருப்பதை ஐம்பது என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. இது நாற்பத்தேழில் எழுந்தது, மூன்று நொடி கூடுதலாகவே கொடுக்கிறோம். நூற்று நாற்பது வரி நூற்று நாற்பதாகவே இருக்கும். என்ன காட்டுகிறீர்கள்? 'சோம்பேறி 80.' இது 'சோம்பேறி 115'. அதெல்லாம் விதிவிலக்கு பாய். விதிவிலக்குக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் பிலோமினா மேடம் மாதிரி ஆகிவிடும்.

லாரி வந்துவிட்டது போலிருக்கிறது, ஹாரன் கேட்கிறது. நானும் கிளம்புகிறேன். இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள், இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள். அதற்காக உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று பிரிவு எதற்கு பாய்? ஓடுகிறது, ஓடவில்லை, இரண்டு போதும். ஒவ்வொன்றையும் காதில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிற நேரமும் மிச்சம், கடையில் இடமும் மிச்சம். அந்தப் பெட்டியை இந்த லாரியிலேயே ஏற்றிவிடுங்கள். கனமாக இருக்கும், நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்.